அடுக்களை நீர் போகும் வழி

வீட்டிற்குத் தண்ணீர் வரும் வழியைப் பற்றி நமது கிராமங்களில் எல்லோரும் பேசுகிறார்கள். வந்த தண்ணீர் போகும் வழியைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. தெருக்குழாயில் நீர் வரவில்லையென்றால் அன்று மாலையே ஊராட்சி மன்றத் தலைவரிடம் முறையீடு வந்துவிடுகிறது. அடுக்களைத் தொட்டியில் நீர் இறங்கவில்லையென்றாலோ, வீட்டுப் பெண்மணி அதனை வாளியில் மொண்டு புழக்கடையில் கொட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறார். அந்த நீர் அண்டை வீட்டுச் சுவரை நனைக்கும்பொழுதுதான் அது பேச்சாகிறது. பேச்சு பின்னர் பகையாகிறது. ஊராட்சிகளைப் பார்வையிடச் செல்லும்பொழுது நமது காதில் விழும் தகராறுகளில், வரப்புத் தகராறுக்கு அடுத்தபடியாக நிற்பது இந்தச் சாக்கடைத் தகராறே ஆகும்.

இது முன்னைவிட இப்பொழுது பெருகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், கிராமத்து வீடுகளுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று இலக்கு வகுத்தது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு இது 220 லிட்டர் ஆகிறது. வீட்டில் புழங்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படியாயின் நாள்தோறும் ஏறத்தாழ 175 லிட்டர், அதாவது பன்னிரண்டு குடம் நீர், அந்த வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்த காலத்தில் கழிவு குறைவு. அதுவும் கொல்லையிலிருந்த வாழைக்கும் முருங்கைக்கும் போயிற்று. இன்று வாழை நின்ற இடத்தில் சிமெண்டுத் தளம் இருக்கிறது. அடுக்களையிலோ, 'சிங்க்' என்று எல்லோரும் கூறும் கழுவுதொட்டியும், குடிநீர் சுத்திகரிக்கும் கருவியும், குளிர்சாதனப் பெட்டியும், அதை ஒட்டிய தாழ்வாரத்தில் சலவை இயந்திரமும் வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றும் நீரை வெளியே தள்ளுவதற்கு ஒரு வழி கேட்கின்றன.

பாத்திரம் துலக்கும் இடத்திற்கும், அங்கிருந்து நீர் போகும் சாக்கடைக்கும் 'அங்கணம்' என்று தமிழில் பழம்பெயர் உண்டு. திருக்குறளின் 720ஆம் பாவிலேயே அச்சொல் வருகிறது. அங்கணம் புதிதன்று, அது சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்துவிட்டதே புதிது. கண்ணுக்குத் தெரிந்த சாக்கடையில் அடைப்பு ஏற்பட்டால் விளக்குமாற்றால் தள்ளிவிடலாம். மறைந்த குழாயில் ஏற்பட்டால் எங்கே என்று தெரிவதில்லை. ஆகவே சிலர் அமிலத்தை ஊற்றுகிறார்கள். சிலர் தரையைப் பெயர்க்கிறார்கள். அடைப்பை நீக்குவதற்கு முன்பு அடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது. இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலான குறைகளை வீட்டாரே அரை மணி நேரத்தில் சரிசெய்துகொள்ள இயலும்.

நீர் செல்லும் பாதை

முதலில் பாதையை அறிந்துகொள்வோம். கழுவுதொட்டியின் அடித்துளையில் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் கீழே, 'டிராப்' என்று குழாய் வேலையாட்கள் கூறும் வளைவுக் குழாயோ, புட்டி வடிவமான சிறு கலமோ இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே செல்கிறது. வெளியே 'சேம்பர்' எனப்படும் மூடியிட்ட சிறு தொட்டி. அதற்கு அப்பால் உறிஞ்சுகுழி அல்லது தெருச் சாக்கடை.

இவற்றுள் பலரும் தேவையற்றது என்று எண்ணுவது அந்த வளைவையே. "நேர்க்குழாய் போட்டால் நீர் விரைவாகப் போகுமே" என்று அதனை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது பெருந்தீங்கு. வளைவின் அடியில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கியிருக்கிறது. அந்த நீர் ஒரு கதவு போல நின்று, சாக்கடையின் நாற்றத்தையும் நச்சுக் காற்றையும் கரப்பான் பூச்சியையும் வீட்டிற்குள் வரவொட்டாமல் தடுக்கிறது. 1775ஆம் ஆண்டில் லண்டன் நகரில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர், கழிப்பறைக் குழாய்க்கு இத்தகைய வளைவை அமைத்து உரிமைப் பதிவு பெற்றார். இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் அதைவிட எளிய காவல் அமையவில்லை. வளைவில் தங்கும் நீரின் ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருத்தல் நலம்.

பல நாட்கள் வெளியூர் சென்று திரும்பியவுடன் அடுக்களையில் நாற்றம் அடித்தால் அஞ்ச வேண்டுவதில்லை. வளைவிலிருந்த நீர் வற்றிப் போயிருக்கும். ஒரு செம்பு நீர் ஊற்றினால் கதவு மீண்டும் மூடிக்கொள்ளும்.

அடைப்பு எங்கே?

தொட்டியில் நீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதையும் ஊற்றுவதற்கு முன்பு வெளியே சென்று சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு செயலே பாதி வேலையை முடித்துவிடும்.

சேம்பர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தால், தவறு வீட்டிற்குள் இல்லை. சேம்பருக்கு அப்பால், உறிஞ்சுகுழியிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ இருக்கிறது. வீட்டிற்குள் எவ்வளவு குத்தினாலும் பயன் இல்லை. சேம்பர் வறண்டிருந்து, தொட்டியில் மட்டும் நீர் நின்றால், அடைப்பு இரண்டிற்கும் இடையே இருக்கிறது. அப்பொழுது வளைவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வளைவு சுத்தமாக இருந்தால் சுவருக்குள் செல்லும் குழாயில்தான் அடைப்பு என்று உறுதி செய்துகொள்ளலாம்.

மற்றோர் அடையாளமும் உண்டு. சலவை இயந்திரம் நீரை வெளியேற்றும்பொழுது கழுவுதொட்டியின் துளை வழியே நீர் பொங்கி மேலே வந்தால், இரண்டும் சேரும் இடத்திற்குக் கீழே அடைப்பு இருக்கிறது என்பது பொருள். கழுவுதொட்டி, குளியலறை ஆகிய இரண்டிலும் ஒரே நாளில் நீர் தேங்கினால், இரண்டிற்கும் பொதுவான வெளிக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் ஊரில் அடுக்களைத் தரையின் கற்களை நான்கு முழம் நீளத்திற்குப் பெயர்த்துக் குழாயை வெட்டியிருந்தார்கள். குழாய் வெறுமையாக இருந்தது. பின்னர் சேம்பரைத் திறந்தபொழுது, அதன் வாயிலில் பாத்திரம் துலக்கிய தேங்காய் நார் பந்துபோலச் சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது. கையுறை அணிந்து எடுத்தெறியக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது. தரையை மீண்டும் போடக் கொத்தனாருக்குக் கொடுத்த கூலிதான் அக்குடும்பத்திற்கு அந்த மாதத்துச் சுமையாயிற்று.

அடைப்பை நீக்கும் முறை

நமது அடுக்களைக் குழாய்களை அடைப்பவை யாவை? வடித்த கஞ்சி முதலாவது. சூடாக ஊற்றும்பொழுது நீர்போல ஓடும் கஞ்சி, குழாயில் ஆறியபின் பசையாகிறது. அரவை இயந்திரத்தைக் கழுவிய மாவு நீரும் அவ்வாறே. தாளித்த எண்ணெயும் நெய்யும் குழாயின் உட்புறத்தில் படிந்து இறுகுகின்றன. அப்படிவில் காப்பித்தூள், தேயிலை, புளிச்சக்கை, மீன் செதிள், சாம்பல், மணல் முதலியன ஒட்டிக்கொள்கின்றன. ஒரே நாளில் குழாய் அடைபடுவதில்லை. நீர் இறங்குவது மெல்ல மெல்லத் தாமதமாகிப் பின்னரே நிற்கிறது. அத்தாமதமே முதல் எச்சரிக்கை.

முதற்படியாகக் கை பொறுக்கும் சூடுள்ள நீரை ஒரு வாளி ஊற்றிப் பார்க்கலாம். கொதிநீர் கூடாது, பி.வி.சி. குழாய் கொதிநீரில் இளகி வளையும், இணைப்புகளும் விட்டுவிடும். இரண்டாவதாக, மரப்பிடி போட்ட ரப்பர்க் கிண்ணத்தைத் துளையின்மீது வைத்து, அது மூழ்கும் அளவு நீர் நிற்கச் செய்து, இருபது முறை அழுத்தி இழுக்க வேண்டும். தொட்டியின் மேல்பகுதியில் வழிநீர்த் துளை இருந்தால் அதனை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அழுத்தம் அதன் வழியே போய்விடும்.

இவற்றால் தீரவில்லையெனில் வளைவைக் கழற்ற வேண்டும். கீழே ஒரு வாளி வைத்து, மரைகளைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே இருப்பதை நீக்கிக் கழுவி, ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தால் புதியன போட்டு, மீண்டும் கையால் இறுக்குதல் போதும். பிளாஸ்டிக் மரையை இரும்புச் சாவியால் இறுக்கினால் மரை பிளந்து, அடைப்புப் போய்க் கசிவு வரும். பின்னர் இணைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டி நிறைய நீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரப்புள்ளி தாளில் எங்கே விழுகிறதோ, அதற்கு நேர் மேலே கசிவு இருக்கிறது.

அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கழிப்பறை கழுவும் அமிலத்தை அடுக்களைக் குழாயில் ஊற்றுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கஞ்சிப் பசையும் எண்ணெய்ப் படிவும் அதற்கு எளிதில் கரைவதில்லை. மாறாக, அமிலம் உலோக இணைப்புகளை அரிக்கிறது. அமிலத்துடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று எழும்; காற்றோட்டமில்லாத அடுக்களையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். காஸ்டிக் சோடாத் தூளும் அமிலமும் சேர்ந்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஒன்றை ஊற்றிப் பயனில்லாமல் மற்றொன்றை ஊற்றுவது எக்காரணத்தாலும் கூடாது. மருந்து ஊற்றிய குழாயைக் கழற்ற வரும் வேலையாளிடம் அச்செய்தியை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சரிவும் காற்றும்

சுத்தம் செய்த பிறகும் மாதந்தோறும் அடைப்பு வருமாயின், குறை பழக்கத்தில் மட்டும் இல்லை. குழாய் போட்ட முறையிலும் இருக்கக்கூடும். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். பத்தடி நீளத்திற்கு இரண்டரை அங்குலம், அல்லது ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவு பொருத்தமானது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தால் இதனைச் சரிபார்த்துவிடலாம். சரிவு இல்லையேல் அழுக்கு குழாயிலேயே தங்கும். குழாயின் நடுப்பகுதி தொய்ந்திருந்தாலும் அவ்விடத்தில் மண்டி சேரும். கழுவுதொட்டியின் குழாய் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், வெளிக்குழாய் 75 மில்லிமீட்டர் அளவிலும் இருப்பது நல்லது. திருப்பங்களில் செங்குத்தான முழங்கை இணைப்பைவிட, சற்றே வளைந்து செல்லும் இணைப்பு மேலானது.

நீர் இறங்கும்பொழுது 'களக் களக்' என்ற ஒலி எழுந்தால் குழாய்க்குக் காற்று போதவில்லை என்று அறியலாம். கவிழ்த்த புட்டியில் காற்று புகுந்தால்தான் நீர் வெளியேறும்; குழாயும் அப்படியே. காற்று கிடைக்காதபொழுது, ஓடும் நீர் வளைவில் தங்கியிருக்க வேண்டிய நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. பின்னர் நாற்றம் உள்ளே வருகிறது. வெளிக்குழாயிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு காற்றுக்குழாய் நிறுத்தி, அதன் தலையில் வலை கட்டிவிட்டால் இக்குறை தீரும்.

இயந்திரங்களின் நீர்

சலவை இயந்திரங்கள் இரு வகை. நீரை வெளியேற்றப் பம்பு உள்ளவை ஒரு வகை. இவற்றின் நெளிகுழாயின் நுனி தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை என்று இயந்திரத்தின் கையேட்டில் குறித்திருப்பார்கள். நுனியைத் தரையில் போட்டுவிட்டால், இயந்திரம் நீரை நிரப்ப நிரப்ப அது தானே வடிந்துவிடும். பம்பு இல்லாதவை மற்றொரு வகை. கிராமங்களில் மிகுதியாக உள்ள அரைத் தானியங்கி இயந்திரங்கள் பெரும்பாலும் இத்தகையன. இவற்றின் குழாய் தரையோடு தாழ்ந்தே செல்ல வேண்டும். அதனை மேலே தூக்கித் தொட்டியில் மாட்டினால் நீர் வெளியேறாது. "இயந்திரம் பழுது" என்று பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன்பு இதனைக் கவனிக்க வேண்டும்.

எவ்வகையாயினும், நெளிகுழாயின் நுனியைக் கழிவுக் குழாய்க்குள் நெடுந்தூரம் செருகி, இடைவெளியைச் சிமெண்டால் பூசிவிடக் கூடாது. அழுக்கு நீர் பின்னோக்கி ஏறாதிருக்க அங்கே காற்று இடைவெளி வேண்டும். முன்பக்கம் கதவுள்ள இயந்திரத்தின் அடியில் ஒரு வடிகட்டி இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதனைத் திறந்தால் சில்லறைக் காசும் சட்டைப் பொத்தானும் நூல் பிசிரும் கிடைக்கும். நீர் வெளியேறாமைக்கு அதுவே காரணமாக இருப்பது உண்டு.

குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே காய்கறித் தட்டின் அடியில் நீர் தேங்கினால், பின்சுவரின் கீழுள்ள சிறு துளை அடைந்திருக்கும். மென்மையான குழலையோ பஞ்சு சுற்றிய குச்சியையோ விட்டு, வெதுவெதுப்பான நீர் சிறிது ஊற்றினால் திறந்துகொள்ளும். அந்த நீர் பெட்டியின் பின்புறத்துத் தட்டில் சேர்ந்து ஆவியாகிறது. அத்தட்டில் நீர் நின்றால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்துத் தட்டைத் துடைத்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

குடிநீர் சுத்திகரிக்கும் கருவியின் மெல்லிய கழிவுக்குழலின் நுனி, கழுவுதொட்டியின் நீரில் அமிழாமல் மேலே தொங்க வேண்டும். கருவியின் கலம் நிறைந்த பின்னும் கழிவு நீர் ஓடிக்கொண்டே இருந்தால், தானே நிறுத்தும் அமைப்புக் கெட்டுவிட்டது. பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். அக்கழிவு நீரில் உப்பு மிகுதி. தரை கழுவவும் பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் அதனைப் பயன்படுத்தலாம். செடிகளுக்கு நாள்தோறும் ஊற்றுதல் நன்றன்று.

வீட்டிற்கு வெளியே

குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீர் தெருவில் போய் நிற்குமாயின் நமது தொல்லையை அயலார்மீது ஏற்றியவர்களாவோம். அழுக்கு நீர்க் குட்டையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்ப வல்லது. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர் மேலாண்மையும் சேர்க்கப்பட்டதன் நோக்கம் இதுவே.

இடமுள்ள வீட்டிற்கு உறிஞ்சுகுழி எளிய வழி. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழியில் அடியில் பெருங்கற்களும், நடுவில் நடுத்தரக் கற்களும், மேலே சிறு ஜல்லியும் நிரப்ப வேண்டும். குழிக்கு முன்பு ஒரு சிறு வண்டல் தொட்டி இன்றியமையாதது. எண்ணெயும் மாவும் அதிலேயே தங்கிவிட்டால் குழியின் கற்கள் அடைபடா. அத்தொட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை வாரிவிட வேண்டும். குழி, குடிநீர்க் கிணற்றிற்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் பதினைந்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நீர் இறங்காத களிமண் நிலத்திலும், நிலத்தடி நீர் மிக மேலே உள்ள இடத்திலும் உறிஞ்சுகுழி பயன்படாது. அங்கே வண்டல் நீக்கிய நீரை வாழை, கல்வாழை, சேம்பு போன்ற ஈரம் விரும்பும் செடிகளுக்குத் திருப்பிவிடலாம்.

அடுக்களைக் குழாயைக் கழிப்பறைத் தொட்டியுடன் சேர்க்கலாகாது. எண்ணெயும் மிகுதியான நீரும் சேர்ந்து அத்தொட்டியின் செயலைக் கெடுத்து விரைவில் நிரப்பிவிடும். அது நிரம்பும்பொழுது, "யாராவது ஓர் ஆள் உள்ளே இறங்கித் தோண்டிவிட்டால் போதும்" என்ற எண்ணம் எழுகிறது. மூடிய தொட்டியில் சேரும் நச்சுக் காற்று, இறங்கியவரைச் சில நொடிகளில் வீழ்த்தும். காப்பாற்ற இறங்குகிறவரையும் வீழ்த்தும். உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுத்துத் தண்டனையும் விதித்திருக்கிறது. உறிஞ்சு ஊர்தியை அழைப்பதே முறை. நம் வீட்டுக் கஞ்சி நீர் ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைப் பலிகொள்ளும் நிலைக்கு வழி வகுக்கலாகாது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

துலக்கும் முன்பு பாத்திரத்திலுள்ள மிச்சத்தை வழித்துக் குப்பைக்கோ உரக்குழிக்கோ போடுதல். கஞ்சியைக் கால்நடைக்கு வைத்தல். எண்ணெய்ச் சட்டியைத் தாளால் துடைத்த பின் கழுவுதல். சல்லடையை இரவில் எடுத்துத் தட்டிவிடுதல். வாரம் ஒருமுறை ஒரு வாளி வெந்நீரைக் கைச்சூட்டில் ஊற்றுதல். மாதம் ஒருமுறை சேம்பரின் மூடியைத் திறந்து பார்த்தல். இவற்றிற்குச் செலவு ஏதுமில்லை.

புதிதாக வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். தரை மூடப்படும் முன்பு, குழாய்கள் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து, சுவரிலிருந்து இத்தனை அடி என்று குறித்து, வீட்டுப் பத்திரத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் படம் எடுத்து வைப்பது இன்னும் எளிது. சேம்பரின்மீது சிமெண்டுப் பூசிவிடாமல், தூக்கத்தக்க மூடி இட வேண்டும்.

இந்த வேலையை ஆடவர் பார்க்கட்டும் என்று பெண்களும், அடுக்களை பெண்களுடையது என்று ஆடவரும் இருந்துவிடுவதால்தான் வாளியில் மொண்டு கொட்டும் வழக்கம் நீடிக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஒரு நாள், ஒரு வளைவுக் குழாயைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் கழற்றி மாட்டிக் காட்டினால், அவ்வூரில் பல வீடுகளின் தொல்லை நீங்கும். அதற்கு வேண்டிய உதவியை ஊராட்சிச் செயலரிடமும் ஒன்றிய அலுவலகத்திலும் கேட்கத் தயங்க வேண்டுவதில்லை.